ஆசிரியர் தினத்துக்கு ஒரு பள்ளிக்கூடச் சிரிப்பு நாடகம் எடுப்பது எப்படி?

இலங்கையில் ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். செப்டெம்பர் பிறந்தாலே எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் உயர்தரப் பிள்ளைகள் "இந்த முறை என்ன செய்வம் ரீச்சர்?" என்று வந்து நிற்பார்கள். பேச்சும் பாட்டும் இருக்கட்டும். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற உரிமையில் சொல்கிறேன்: போனிலேயே ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு நாடகம் எடுங்கள். கதை தேடி எங்கும் போக வேண்டாம், பள்ளிக்கூடம் இருக்கிறது.

முதலில் 'அபட் எலிமென்டரி' தொடரில் இரண்டு பாகம் பாருங்கள். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. பிலடெல்பியாவில் காசுக்குத் தட்டுப்பாடான ஒரு அரச ஆரம்பப் பாடசாலை. ஆவணப்படக் குழு ஒன்று ஆசிரியர்களைப் பின்தொடர்வதாகப் பாவனை. அதை உருவாக்கி, முக்கிய வேடத்திலும் நடிக்கிற குவின்ரா பிரன்சனின் அம்மாவும் ஆசிரியைதான். முதல் பாகத்தின் பிரச்சினை, வகுப்புக்கு ஒரு கம்பளம் வேண்டும் என்பது. வந்த காசை அதிபர் வாசலில் புதுப் பெயர்ப்பலகை வைக்கச் செலவழித்துவிடுகிறார். அடுத்த பாகத்தில் இன்னும் சின்ன விசயம்: நடைபாதையில் மினுங்கி மினுங்கி எரிகிற ஒரு லைற்.

இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆளணிப் பற்றாக்குறை, வளப் பங்கீடு என்று தொடங்கினால் அது வலயக் கல்வி அலுவலகக் கூட்டம் ஆகிவிடும். ஒரு பொருளைப் பிடியுங்கள். உதாரணத்துக்கு, அலுமாரித் திறப்பு (சாவி).

தவணைப் பரீட்சை காலை. வினாத்தாள் அலுமாரிக்குள். திறப்பு அதிபரின் காற்சட்டைப் பையில். அதிபரோ முல்லைத்தீவில் கூட்டத்தில், போனும் வேலை செய்யவில்லை. புதிதாக நியமனம் கிடைத்து வந்த ரீச்சர் "நான் பார்க்கிறேன்" என்று முன்னுக்கு வருகிறார். தலைமுடி ஊசியால் கிண்டுகிறார், ஊசி முறிந்து பூட்டுக்குள் நிற்கிறது. காவலாளி ஐயா அலவாங்கோடு வருகிறார். மாங்குளத்துக்குப் போய் யாழ்ப்பாண பஸ் பிடிக்க வேண்டிய சேர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். எல்லோரும் சேர்ந்து அலுமாரியை இழுத்தால், பின்பலகை முழுக்கக் கறையான் தின்று திறந்து கிடக்கிறது. வினாத்தாளை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் சுவரோடு தள்ளி வைக்கிறார்கள். பின்னேரம் அதிபர் வந்து, திறப்பை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இதுக்குத்தான் நான் ஒருத்தரிட்டையும் குடுக்கிறேல்ல" என்கிறார்.

கவனித்தீர்களா, பிரச்சினையைப் பெரிதாக்குவது கெட்டவர் யாருமில்லை, உதவி செய்ய வருகிறவர்கள்தான். அதிபரையும் வில்லன் ஆக்காதீர்கள். தன் திறப்பில் அவருக்கு இருக்கிற பெருமை போதும்.

இதையும் அந்தத் தொடர் போல ஆவணப்படப் பாவனையில் எடுங்கள். நடிப்பில் ஒன்றுதான் கஷ்டம்: கமராவைப் பார்ப்பது. எல்லோரும் பார்த்தால் சுவை போய்விடும். ஒருவரை மட்டும் தெரிவு செய்யுங்கள், பஸ்ஸுக்கு அந்தரப்படுகிற சேர் என்று வைப்போமே. ஊசி முறிந்த கணத்தில் அவர் கண் மட்டும் ஒருக்கால் கமராப் பக்கம் திரும்பி மீள வேண்டும். புருவத்தைத் தூக்கினால் கெட்டது. இடையிடையே ஒருவரை வேம்பு நிழலில் கதிரை போட்டு இருத்திப் பேட்டி எடுங்கள். அவர் சொல்வதும் நாங்கள் பார்ப்பதும் பொருந்தக் கூடாது. "இஞ்ச எல்லாம் ஒழுங்கு" என்று அவர் சொல்லும்போது பின்னால் ஒரு மாடு வகுப்புக்குள் எட்டிப் பார்க்கட்டும். மாட்டுக்கு ஒத்திகையும் தேவையில்லை.

அப்புறம், ஒரு விசயத்தில் நான் கறார். கிழிந்த சப்பாத்து, சாப்பிடாமல் வந்த பிள்ளை, கையெழுத்து வைக்கத் தகப்பன் இல்லாத வீடு, இதையெல்லாம் பகிடியாக்கக் கூடாது. வன்னியில் எந்த வகுப்பில் நின்றாலும் அது யாரோ ஒரு பிள்ளையின் வீட்டுக் கதையாக இருக்கும். பெரியவர்களையும் அலுமாரியையும் வைத்துச் சிரியுங்கள்.

படம் பிடிக்கிற வேலை லேசு. போனைக் கிடையாகப் பிடியுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி ஆளை நிறுத்தாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் எடுத்தால் ஒரு வசனமும் கேளாது. பிள்ளைகள் முகம் தெரிந்தால் அதிபரிடமும் பெற்றோரிடமும் முன்பே அனுமதி வாங்குங்கள். மண்டபத்தில் போட நல்ல ஸ்பீக்கர் வேண்டும், சவுண்ட்காரருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.