கால்சைட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டியில் மாலை நேரங்களில் எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்களுக்கு புராஜெக்டில் உதவுகிறேன். போன வாரம் ஒரு மாணவி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கால்சைட் படிகத்துக்குள் ஒளி எப்படிப் போகும் என்று சிம்பையில் (குறியீடுகளை வைத்தே கணக்குப் போடும் பைத்தான் மென்பொருள்) போட்ட கணக்கு. ஒளிவிலகல் எண் 1.658, இன்னொன்று 1.486. ஒளி எந்தக் கோணத்தில் போனாலும் இதே இரண்டு எண்கள்தான் வந்தன. அதைப் பார்த்ததுமே தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

மின்புலத்தின் டைவர்ஜன்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளியே பரவும் அளவு) பூச்சியம் என்று எழுதி ஒரு உறுப்பை அடித்துவிட்டிருந்தார். காற்றிலும் கண்ணாடியிலும் அது சரி. கால்சைட்டில் விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இசைகிறது என்பதைச் சொல்லும் அளவு) ஒரு டென்சர், அதாவது திசையைப் பொறுத்து மாறும், அணியாக எழுத வேண்டிய அளவு. மின்னூட்டம் இல்லாத இடத்தில் பூச்சியமாவது மின் இடப்பெயர்ச்சிப் புலத்தின் டைவர்ஜன்ஸ்தான். அந்த உறுப்பைத் திரும்பச் சேர்த்து, ஒளியியல் அச்சுக்கு (ஒளி இரண்டாகப் பிரியாமல் போகும் திசை) 45 டிகிரியில் போட்டோம். 1.658 அப்படியே இருந்தது, மற்றது 1.565 ஆனது. அதுதான் சரியான விடை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று திசைகளின் விடுதிறன்களையும் சமமாக வைத்துச் சரிபார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். ஆனால் அந்தச் சோதனையில் இந்தத் தவறு பிடிபடாது, ஏனென்றால் அங்கே இரண்டு டைவர்ஜன்ஸும் பூச்சியம்தான். அதனால் சாய்வான ஒரு கோணத்தையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், படிகத்தைச் சுழற்றும்போது டென்சரைச் சுழற்சி அணியால் ஒரு பக்கம் மட்டும் பெருக்கினால் போதாது. மறுபக்கம் அதன் நிரை நிரல் மாற்று அணியும் வேண்டும். சுழற்றிய டென்சர் சமச்சீராக இல்லாவிட்டால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வ் கட்டளைக்கு அவசரப்பட வேண்டாம். அலைச் சமன்பாட்டு அணியின் அணிக்கோவையை முதலில் காரணிப்படுத்துங்கள். கால்சைட் போன்ற ஒற்றை அச்சுப் படிகத்தில் அது அழகாக இரண்டாகப் பிரியும்: ஒன்று சாதாரண அலை (எந்தக் கோணத்திலும் ஒரே ஒளிவிலகல் எண்), இன்னொன்று அசாதாரண அலை (கோணத்தோடு எண் மாறும்). எண்களைக் கடைசியில் போடுங்கள். தசம எண்களோடு ஆரம்பித்தால் அடிபட வேண்டிய உறுப்புகள் முழுசாக அடிபடாமல் துளித்துளியாக எஞ்சி நிற்கும்.

சிம்பையில் குறியீடுகளை மிகை எண் (பூச்சியத்தைவிடப் பெரியது) என்று அறிவித்தால் வர்க்கமூலங்கள் தாமாகவே சுருங்கும். ஆனால் ஒளியை உறிஞ்சும் பொருளில் விடுதிறன் கலப்பெண் (கற்பனைப் பகுதியும் உள்ள எண்). அங்கேயும் பழக்கத்தில் மிகை என்று போட்டுவிட்டால், ஆற்றல் கணக்கில் வரும் இணைக் கலப்பெண்ணை மென்பொருள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.