சொத்தைப் பல்: 'பரம்பரை' என்று சொல்லி அனுப்பாதீர்கள்

பயிற்சிக்கு வரும் இளம் பல் மருத்துவர்கள் "இது உங்க பரம்பரைம்மா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதையேதான் சொன்னேன். இரண்டு வேளை பல் துலக்குவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிட்டு, தவிர்க்க வேண்டிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பரம்பரை என்று கைவிடுவது

ஆறு வயதுப் பையன். அம்மாவுக்கு முப்பது வயதுக்குள் நான்கு பல் போய்விட்டது, பாட்டிக்குப் பல்செட். "எங்க வம்சமே இப்படித்தான் டாக்டர்" என்றார். தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து வீங்கிய கன்னத்தோடு வந்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லின் நடுவில் கறுத்த குழி. கருவியின் முனையை வைத்ததும் ஊறிய மரத்தில் இறங்குவது போல இறங்கியது. வீட்டில் அதைப் பால் பல் என்றே நினைத்திருந்தார்கள். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் நிரந்தரப் பல் அது. முளைத்ததும் வரச் சொல்லி, அதன் பள்ளங்களை சீலன்ட் போட்டு அடைத்திருக்கலாம். சில நிமிட வேலை. கடைசியில் பல்லையே எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் அது ஆறவில்லை எனக்கு.

பரம்பரை பொய்யில்லை. எனாமல் உருவாகும் விதம், உமிழ்நீர், இனிப்பின் மேல் நாக்குக்கு உள்ள ஆசை, எல்லாவற்றிலும் மரபணுவுக்குப் பங்குண்டு. ஆனால் பல்லைக் கரைப்பது, சர்க்கரையைத் தின்று கிருமிகள் விடும் அமிலம். அந்தக் கிருமியும் அம்மா ஊதி ருசி பார்த்த ஸ்பூன் வழியாகக் குழந்தைக்குப் போகலாம். பலகார டப்பாவும் வீட்டுக்கு ஒன்றுதான். குடும்பத்தில் சொத்தை அதிகமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுங்கள், பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுங்கள்.

'எவ்வளவு இனிப்பு?' என்று மட்டும் கேட்பது

எத்தனை தடவை என்றும் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் அமிலம் தணிய அரை மணி நேரமாவது ஆகும். சாப்பாட்டோடு ஒரு கடலை மிட்டாய் பரவாயில்லை. சாயங்காலம் முழுக்க பிஸ்கட் கொறிப்பதுதான் ஆபத்து.

பால் பாட்டிலோடு தூங்க வைப்பது

வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

துலக்கியபின் கொப்பளிப்பது

துப்பினால் போதும்.

கறையையும் வம்சத்தில் சேர்ப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குடும்பமே பழுப்புப் பல்லோடு வரும். அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது, கறை அதனால் வருவது. சின்ன வயதில் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள், அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லலாம்.