வைரத்தை வைத்துக் காந்தப்புலம் அளக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

மும்பை நகைச்சந்தையான ஜவேரி பஜாரில் தெரிந்தவர் இருக்கிறார், சின்னக் கல்லாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நகைக்கு வரும் இயற்கை வைரத்தில் நைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் கூட்டமாகச் சேர்ந்துதான் இருக்கும். நமக்கு வேண்டியதோ தனி நைட்ரஜனும் அதற்கு ஒட்டினாற்போல் கார்பன் அணு இல்லாத ஒரு காலியிடமும், அதாவது என்.வி. மையம். எலக்ட்ரான் கற்றையால் காலியிடங்களை உண்டாக்கி, 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அவற்றை நைட்ரஜன் பக்கம் நகரவைத்த வைரத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, கல் வந்துவிட்டது. பச்சை லேசர் அடித்து மைக்ரோவேவை மெல்ல மாற்றிக்கொண்டே போனால் 2.87 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கல்லிலிருந்து வரும் சிவப்பு ஒளி மங்கும், வரைபடத்தில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். காந்தம் வைத்தால் அந்தப் பள்ளம் இரண்டாகப் பிரியும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: ஒரே ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, அது நகர்ந்தால் காந்தப்புலம் மாறிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினாலே அது சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கும், அது 2.6 மைக்ரோடெஸ்லா மாறியதுபோலத் தெரியும்! இதயத்துடிப்பின் காந்தப்புலத்தை அளக்க நினைத்தால், அதுவோ பிகோடெஸ்லா கணக்கு, மைக்ரோடெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிகோடெஸ்லா. மும்பைப் புழுக்கத்தில் ஏசி நின்று நின்று ஓடும் அறையில், போதாக்குறைக்கு லேசரும் மைக்ரோவேவும் கல்லையே சூடாக்கும்போது, இந்த ஒரு டிகிரி சாதாரணமாக வந்துவிடும். அதனால் இரண்டு பள்ளத்தையும் அளந்தே ஆகவேண்டும். காந்தப்புலம் மையத்தின் அச்சோடு ஒத்திருந்தால் இடைவெளி காந்தப்புலத்தைச் சொல்லும், சராசரி வெப்பநிலையைச் சொல்லும்.

பள்ளம் ஆழமாகத் தெரிகிறதே என்று மைக்ரோவேவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், அகலமும் கூடிவிடும், அளவின் துல்லியம் போய்விடும்.

மலிவான பச்சை லேசரில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியும், சிவப்பை விடும் ஃபில்டர் அதையும் விட்டுவிடும், டிடெக்டரில் பின்னணி ஏறிப் பள்ளம் ஆழமில்லாமல் தெரியும். லேசரின் வாயிலேயே அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் போடுங்கள்.

அப்புறம், எட்டுப் பள்ளம் தெரிந்தால் கல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். என்.வி. மையங்கள் நான்கு திசைகளில் இருக்கின்றன, திசைக்கு இரண்டு பள்ளம். எந்த ஜோடி எந்தத் திசை என்று தெரிந்தால் புலத்தின் திசையையே கணக்கிடலாம்.