காய்ச்சலில் படுத்திருக்கும்போது தியானத்தை விடாமல் தொடர்வது எப்படி

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருப்பார். தியானம் பழகுகிறவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. படுத்திருந்த நாட்களில் பழக்கம் அறுந்துவிடும். உடம்பு தேறிய பிறகும் உட்காரத் தோன்றாது. போன மழைக்காலத்தில் வந்த வைரல் காய்ச்சலின்போது, மூக்கடைப்பு, இருமல், மூட்டுவலி எல்லாவற்றோடும் சேர்த்தே தொடர முடிந்தது. எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் பழகுவது எஸ்.என். கோயங்கா கற்பித்த மரபில் விபஸ்ஸனா, அதாவது உடம்பில் தோன்றும் உணர்வுகளைச் சமநிலையோடு கவனிக்கும் தியானம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அதில் வரும் ஆனாபானா (இயல்பான மூச்சைக் கவனிப்பது) போன்றவற்றை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. வேறு முறை பழகுகிறவர்களும் இதைப் பெரும்பாலும் அப்படியே செய்யலாம்.

முதலில் மருத்துவர்

உடம்பில் தோன்றுவதைச் சும்மா கவனி என்று பழகியவர்களுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. கவனித்துக்கொண்டே கிடந்துவிடுவார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் கவலைக்குரியது. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், ஆளையே அடித்துப் போடும் சோர்வு இவற்றில் எது வந்தாலும் கண்ணைத் திறந்து, எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சமநிலையை அங்கே போய்க் காத்துக்கொள்ளலாம்.

படி 1: வேளையை வைத்துக்கொள்ளுங்கள், அளவைக் குறையுங்கள்

ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள். முடியாவிட்டால் மூன்று நிமிடம். ஆனால் வழக்கமாக உட்காரும் அதே வேளையில் செய்யுங்கள். குளிர் நடுங்கும்போது வேண்டாம். பாரசிட்டமால் போட்டு ஒரு மணி நேரம் போனால் உடம்பு கொஞ்சம் இலகுவாகும். அந்த இடைவெளி நல்லது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கும், அது தூக்கத்தை வரவழைக்கும். அந்த மாத்திரைக்கு முன்பே தியானத்தை முடித்துவிடுவது என் வழக்கம். அதற்காக மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள், தியானத்தை முன்னால் நகர்த்துங்கள்.

அசையாமல் உட்காரும் அதிட்டானம் இந்த நாட்களில் கிடையாது. வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் எதுவும் வேண்டாம்.

படி 2: படுங்கள்

படுத்துத் தியானம் செய்வது ஏமாற்று வேலை என்று பலருக்கு உள்ளூர ஒரு உறுத்தல். புத்தரின் சதிபட்டான உரையிலேயே நடத்தல், நிற்றல், உட்காருதல், படுத்தல் என்று நான்கு நிலைகளும் வருகின்றன. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியில், உடம்பு முழுவதையும் கவனத்தால் வலம்வரும் பகுதியைப் பெரும்பாலும் படுத்தபடிதான் செய்கிறார்கள். எனவே தைரியமாகப் படுங்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. சளி இருந்தால் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்துகொள்ளுங்கள். தூங்கிவிடுவோம் என்று பயமா? முழங்கையை மெத்தையில் ஊன்றி முன்னங்கையை நேராக நிறுத்தி வையுங்கள். கண் சொக்கினால் கை விழும், விழிப்பு வரும். இதைப் பகலில் மட்டும் செய்யுங்கள். இரவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், காய்ச்சல்காரருக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

படி 3: மூச்சு கிடைக்காதபோது எதைப் பிடிப்பது?

இங்கேதான் நான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆனாபானாவில் கவனத்தை மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே வைக்கச் சொல்வார்கள். மூக்கு அடைத்திருந்தால் அங்கே ஒன்றுமே தெரியாது. மூச்சு புலப்படாவிட்டால் சற்று வேகமாக விட்டுப் பாருங்கள் என்று முகாமில் சொல்வது இப்போது உதவாது, தலைதான் கிறுகிறுக்கும். வாயால் விட்டால் தொண்டை காய்ந்து இருமல் வரும்.

ஒரு மூக்கு மட்டும் அடைத்திருந்தால், அடைத்த பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். சில நிமிடங்களில் மேல்பக்கம் ஓரளவு திறந்துகொள்ளும். அதற்கு முன் வெறும் வெந்நீரில் ஆவி பிடிப்பதும் எனக்குக் கைகொடுத்தது.

இரண்டும் அடைத்திருந்தால் மூச்சை விட்டுவிடுங்கள். வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கலாம் என்பார்கள், ஆனால் இருமி இருமி விலா வலிக்கும்போது அங்கே கவனம் போனாலே எரிச்சல்தான் வரும். எனக்குச் சரிப்பட்டது கைதான். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் லேசாகத் தொடும்படி வையுங்கள். அழுத்த வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அங்கே நாடித் துடிப்பு தெரியும். காய்ச்சலில் நாடி வேகமாக அடிப்பதால் சாதாரண நாளைவிட எளிதாகவே பிடிபடும். எண்ண வேண்டாம், துடிப்பு இருக்கிறது என்று அறிந்துகொண்டிருந்தால் போதும். கவனம் நழுவினால் திரும்ப விரல் நுனிக்கு வாருங்கள்.

இருமல் வந்தால் அடக்காதீர்கள். இருமுங்கள், பக்கத்தில் பிளாஸ்க்கில் வைத்திருக்கும் வெந்நீரில் ஒரு வாய் குடியுங்கள், மறுபடி விரலுக்கு வாருங்கள்.

படி 4: வலிக்கும் இடம்

மூட்டுவலி இருந்தால் வலியின் நடுவில் போய் நிற்க வேண்டாம். முழங்கால் வலிக்கிறதா, கவனத்தைத் தொடையிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வாருங்கள், ஓரத்தைத் தொட்டுவிட்டுக் கணுக்காலுக்குப் போய்விடுங்கள். வலியை வென்று காட்டுவதெல்லாம் உடம்பு தேறிய பிறகு. கடைசி ஒரு நிமிடம் மைத்திரிக்கு, அதாவது எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதற்கு. அதில் உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவரை முதலில் நினையுங்கள், நியாயம் அதுதான்.

கருவி விஷயம்

சமையலறை டைமர் போதும். போனை வைத்தால் விசாரிப்பு மெசேஜ்கள் வரிசையாக வரும். தொடர்ச்சியாக எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று கணக்குக் காட்டும் ஆப்களை, நோயில் படுத்திருக்கும்போது கண்ணிலேயே காட்டக் கூடாது என்பது என் கட்சி. அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் எழுந்து உட்கார்பவர்கள் இருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். தியானத்தின்போது திடீரென வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அதைக் கவனித்துக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம். சாப்பாடு சரியாக இறங்காத காய்ச்சல் நாட்களில் இது நடக்கக்கூடியதுதான். குளுக்கோமீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அறை வீடு, டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். மின்விசிறிச் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிவியில் கதை இருக்கிறது, விசிறியில் இல்லை.

காய்ச்சல் விட்டபின் எப்போது பழையபடி உட்காருவது என்றும் கேட்டிருந்தார்கள். முதலில் நாற்காலி. படுத்துக் கிடந்த உடம்பு சட்டென எழுந்தால் தலை சுற்றும், அதனால் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். பத்து நிமிடம் சிரமமில்லாமல் போனால் மறுநாள் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடிகிறபோது தரைக்கு வரலாம். முழு ஒரு மணி நேரம், அப்புறம் அதிட்டானம் எல்லாம் அதற்கும் பிறகுதான்.