சிகாகோவில் மீஸ் கட்டடங்களை ஒரே நாளில் படிப்பது எப்படி

ஜெர்மனியின் ஆகன் நகரில் 1886-இல் பிறந்த லுட்விக் மீஸ் வான் டெர் ரோ, நாஜி ஆட்சியின் நெருக்கடியில் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி மூடப்பட்ட பிறகு, 1938-இல் சிகாகோ வந்து, இன்றைய இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐஐடி) கட்டடக்கலைத் துறைத் தலைவரானார். 1958 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்துதான் அந்த நகரின் தோற்றத்தை மாற்றினார்கள்.

தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் எல்லாமே கறுப்புப் பெட்டிகளாகத்தான் தெரியும். மூலைக்குப் போய் நில்லுங்கள், தூண்களையும் ஜன்னல்களையும் எண்ணுங்கள். அடி, அங்குலம் போட்ட அளவுநாடா ஒன்று கையில் இருக்கட்டும்.

காலையில் கிரீன் லைன் ரயிலில் 35-பிரான்ஸ்வில்-ஐஐடி நிலையத்தில் இறங்குங்கள். இல்லினாய் தொழில்நுட்பக் கழக வளாகம் முழுவதும் 24 அடிக் கட்டங்களாகப் பிரித்து வரையப்பட்டது. முதலில் அலும்னை மெமோரியல் ஹாலின் மூலை. மாடிக் கட்டடங்களில் தாங்கும் எஃகைத் தீக்குப் பயந்து கான்கிரீட்டில் மூட வேண்டும் என்பது நகர விதி. ஆகவே வெளியே தெரியும் எஃகு பாரம் சுமக்கவில்லை. உள்ளே மறைந்திருக்கும் தூணை நமக்குக் காட்டுகிறது. குனிந்து பாருங்கள்: அந்த எஃகு தரையைத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிடும். பலரும் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

அடுத்து கிரவுன் ஹால் (1956). ஒரே தளம் என்பதால் இங்கே எஃகை மூடாமலே விட முடிந்தது. கூரைக்கு மேல் 6 அடி ஆழமுள்ள நான்கு கிர்டர்கள் (பெரிய எஃகு விட்டங்கள்), 60 அடிக்கு ஒன்றாக. கூரை அவற்றின் அடியில் தொங்குகிறது. அதனால்தான் 220 அடி நீளமும் 120 அடி அகலமும் உள்ள கூடத்துக்குள் ஒரு தூண்கூட இல்லை. மூன்று இடைவெளியும் சேர்த்து 180 அடிதானே வருகிறது? மீதி 40 அடி, இரு முனைகளிலும் இருபது இருபதாக வெளியே நீள்கிறது. மாணவர்கள் வேலை செய்யும் இடம் என்பதால் அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள். இந்த இடத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த மெக்கா என்ற பெரிய குடியிருப்பு இருந்தது, 1952-இல் இடித்துவிட்டார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கூடத்தைப் புகழ்வது நியாயமில்லை.

அதே ரயிலில் ஆடம்ஸ்-வாபாஷ் வந்து, மேற்கே இரண்டு தெரு நடந்தால் ஃபெடரல் சென்டர் என்ற மத்திய அரசு அலுவலக வளாகம். சதுக்கத்தில் பாவிய கிரானைட்டின் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு தபால் நிலையத்தை நோக்கி நடங்கள். கோடு கண்ணாடிச் சட்டத்தில் முட்டி, உள்ளே தரையிலும் தொடரும். கோட்டுக்குக் கோடு 4 அடி 8 அங்குலம். ஆறு சேர்ந்தால் 28 அடி, அதுவே தூண் இடைவெளி. சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் 53 அடிச் சிவப்புச் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டே போனால் காலடியில் இருப்பது தவறிவிடும். டியர்பார்ன் தெருவிலேயே மூன்று தெரு வடக்கே டேலி சென்டர் (1965): அவருடைய மாணவர் ஜாக் பிரவுன்சன் வடிவமைத்தது, துருநிற எஃகு, தூண் இடைவெளி 87 அடி. குருவின் 28 அடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக 860-880 லேக் ஷோர் டிரைவ் (1951). ரெட் லைனில் சிகாகோ நிலையம், அங்கிருந்து ஏரியை நோக்கி நடை. 26 மாடி, இரண்டு கோபுரங்கள். தூணுக்குத் தூண் 21 அடி, அதற்குள் நான்கு ஜன்னல்கள். தூணை ஒட்டிய இரண்டு மட்டும் ஒடுக்கமாக இருக்கும். காரணம், வெளியே ஒட்டிய ஐ-பீம்கள் (ஆங்கில I எழுத்து வடிவ எஃகுச் சட்டங்கள்) சரியாக 5 அடி 3 அங்குலத்துக்கு ஒன்று. தூணின் பருமன் பக்கத்து ஜன்னலிலிருந்துதான் கழிகிறது. நேர் எதிரே நின்றால் சுவர் முழுக்கக் கண்ணாடி. பக்கவாட்டில் நகர நகர, துருத்தி நிற்கும் ஐ-பீம்கள் ஒன்றையொன்று மறைத்து, சுவர் கெட்டி எஃகாகிவிடும். இரு கோபுரங்களும் செங்கோணத்தில் நிற்பதால் இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். இவை தனியார் வீடுகள், நடைபாதையோடு நின்றுகொள்ளுங்கள்.