முகத்துவாரத்தில் ஆளை மீட்க: முதலில் கயிறெறியப் பழக்குங்கள்

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் மாரியில் மணல்திட்டு வெட்டுப்பட்டு ஓடத் தொடங்கினால், நல்ல நீச்சல்காரரையும் கடலுக்கு இழுத்துவிடும். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போவதுதான் அங்கே பெரிய ஆபத்து. ஆகவே ஊர் மீட்புக் குழுவுக்கு நீந்திப் போய் மீட்பதைக் கடைசிப் பாடமாக வையுங்கள். பழக்கத்தை மழையில்லாத கச்சான் காற்றுக் காலத்தில், வாவிப் பக்கமாகத் தொடங்குவது நல்லது.

கயிறு 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பு, 20 மீற்றர் நீளம், மிதக்கும் பொலிப்புரொப்பிலீனாக இருக்கட்டும். நைலோன் கயிறு தாழும், இஞ்சின் விசிறியிலும் சுற்றும். ஒரு நுனியை 5 லீற்றர் கானின் பிடியில் கட்டி, உள்ளே அரை லீற்றர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். வெறும் கானைக் காற்று தள்ளிவிடும். தண்ணீர் கூடினால் மண்டையில் பட்டுக் காயமாகும். கயிற்றைச் சுருட்டி வைக்காமல் வாளிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், சிக்காமல் ஓடும்.

மறுநுனியில் முடிச்சுப் போட்டுப் பிடியுங்கள். கையில் சுற்றவே கூடாது. "தம்பி, கயிறு!" என்று கத்திவிட்டு எறியுங்கள். கான் தலைக்கு அப்பால் இரண்டு மீற்றரில் விழ, கயிறு தோளில் படிய வேண்டும். தாழ்கிறவரால் கையை நீட்டித் தேட முடியாது. பிடித்ததும் எறிந்தவர் விளிம்பை விட்டுப் பின்வாங்கி, மணலில் குந்திக் காலை ஊன்ற வேண்டும்; வெட்டுவாய் மணல் சட்டென்று இடியும். ஓட்டத்துக்கு எதிரே இழுத்துப் போராட வேண்டாம். இறுக்கிப் பிடித்தாலே ஆள் கரைப்பக்கம் வளைந்து வருவார். பாரம் தாங்காவிட்டால் கரையோரமாகக் கூடவே நடந்து போங்கள்.

பலர் தடுமாறுவது இரண்டாவது எறிதலில். வாளிக்குள் திரும்ப இறக்க நேரமில்லை; காலடியில் தளர்வாக இழுத்துப் போட்டு உடனே எறியப் பழக்குங்கள். 15 மீற்றரில் 10க்கு 7 சரியாக விழும்வரை விடாதீர்கள்.

ஒருவருக்கு ஒரே வேலை: ஆளை விரலால் காட்டிக்கொண்டே கண்ணை எடுக்காமல் நிற்பது. அலைக்குள் தலை ஒருமுறை மறைந்தால் இடம் தவறிவிடும்.

படகு போனால் எல்லோருக்கும் லைப் ஜக்கெட் வேண்டும். காற்றுக்கு எதிராக மெல்ல நெருங்கி, ஆள் கைக்கு எட்டுமுன் இஞ்சினை நிறுத்துங்கள். சிறு தோணிக்குள் பக்கவாட்டில் ஏற்றினால் கவிழும். பின்பக்கத்தைப் பிடிக்கவிட்டுக் கரைக்கு இழுங்கள்.

கரையில் மூச்சில்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு ஒருவர் அழைக்கட்டும். தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமத்துவது எதுவும் வேண்டாம். அதில் நேரம் போகும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். முதலில் 5 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 30 அழுத்தம், 2 ஊதல். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அழுத்துகிறவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எழுந்து நடந்தாலும் இருமல் நிற்காதவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சில மணி நேரத்தில் மூச்சு முட்டலாம், வைத்தியசாலையில் காட்டியே ஆகவேண்டும்.