ஹாலோகிராம் கணக்கில் பலரும் சறுக்கும் இடங்கள்

ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி அலைகளைக் கணினியில் கணக்கிட்டு, அந்தக் கோலத்தைத் திரையில் போட்டு முப்பரிமாணப் படம் உண்டாக்குவதுதான் இங்கே சொல்லும் ஹாலோகிராம். முப்பரிமாணக் காட்சி என்றதும் விளையாட்டு கிராஃபிக்ஸை மனதில் வைத்துக் கணினியைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. சாதாரணத் திரையில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம் கண்டுபிடித்தால் போதும். ஹாலோகிராமில் அப்படியில்லை. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி அலை ஏறக்குறைய எல்லாப் பிக்சல்களிலும் வந்து விழும். அத்தனையையும் கூட்ட வேண்டும். 1920×1080 பிக்சல், 10,000 புள்ளிகள் என்றால் ஒரு ஃபிரேமுக்கே 2,000 கோடிக்கு மேல் அலைக் கணக்குகள். நொடிக்கு 60 ஃபிரேம், மூன்று நிறம் என்றால் அதை 180-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிக்சல் எண்ணிக்கை கூடினால் பார்வைக் கோணமும் விரியும் என்பது அடுத்த நப்பாசை. கோணத்தைத் தீர்மானிப்பது பிக்சல்களின் இடைவெளிதான். 8 மைக்ரான் இடைவெளியில் 532 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு 4 டிகிரிகூடத் தேறாது. 1 மைக்ரானுக்கு இறங்கினால் சுமார் 31 டிகிரி கிடைக்கும். ஆனால் 10 செ.மீ. சதுரத் திரைக்கு 1,000 கோடி பிக்சல்களை நிரப்பியாக வேண்டும்.

புள்ளி புள்ளியாகக் கூட்டாமல், காட்சியை ஆழ அடுக்குகளாக வெட்டி எஃப்எஃப்டி (ஓர் அடுக்கின் அலைகளை மொத்தமாகக் கணக்கிட உதவும் வேகமான ஃபூரியே கணித முறை) போட்டால் வேகம் கூடும், உண்மைதான். ஆனால் எஃப்எஃப்டிக்குப் படத்தின் விளிம்பு என்று ஒன்று கிடையாது. வலப்புறம் வெளியேறும் அலை இடப்புறமாக உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கச் சுற்றிலும் சுழியம் நிரப்பி நீள அகலத்தை இரட்டிப்பாக்குவார்கள். நினைவகம் நான்கு மடங்காகும் என்பதை அப்போதுதான் பலர் கவனிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ஆளை அதிகம் அலைக்கழிப்பது எண் துல்லியம். 1 மீட்டர் தொலைவுக்கு அதே பச்சை ஒளியின் கட்டம் (அலை எத்தனை சுற்று கடந்தது என்பதைக் கோணமாகச் சொல்லும் அளவு) சுமார் 1.18 கோடி ரேடியன். அவ்வளவு பெரிய எண்ணில் 32 பிட் தசம எண்ணின் ஒரு படியே, அதாவது அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளியே, 1 ரேடியன். முழுச் சுற்றே 6.28-தான்! படம் வரும், ஆனால் கலங்கி வரும். நாமோ லென்ஸைத் திருகிக்கொண்டிருப்போம், நானும் திருகியிருக்கிறேன். எல்லாவற்றையும் 64 பிட்டுக்கு மாற்றினால் தீரும், ஆனால் வீட்டு ஜிபியுக்கள் (கிராஃபிக்ஸ் சில்லுகள்) பலவற்றில் அந்தக் கணக்கு 32 மடங்கு, 64 மடங்கு மெதுவாக ஓடும். அதைவிட, புள்ளியிலிருந்து திரைக்குச் செங்குத்தாக உள்ள நேர்த் தொலைவின் கட்டத்தைப் புள்ளிக்கு ஒரு முறை மட்டும் 64 பிட்டில் போட்டுவிட்டு, பிக்சலுக்குப் பிக்சல் மாறும் மிச்சத்தை 32 பிட்டில் கணக்கிடலாம். அந்த மிச்சத்தையும் இரண்டு தொலைவுகளைக் கழித்து எடுக்காதீர்கள், பழைய பிழை திரும்பி வரும். பக்கவாட்டு விலகலின் வர்க்கத்தை, புள்ளியிலிருந்து பிக்சலுக்கான சாய்வுத் தொலைவையும் நேர்த் தொலைவையும் கூட்டிய தொகையால் வகுத்தால் அதே விடை சுத்தமாகக் கிடைக்கும்.

அப்புறம், முடிந்த ஹாலோகிராமை இடம் மிச்சம் என்று ஜேபெக்கில் சேமிக்க வேண்டாம். பார்க்க இரைச்சல்போல் இருக்கும் அந்த நுண்கோடுகளைத்தான் ஜேபெக் முதலில் தூக்கி எறியும்.